பறக்காத டிக்கெட்டில் திரும்பி வந்த 5,464 ரூபாய்

2024 ஆவணியில் நடந்தது இது. ஹைதராபாத்தில் கொழுந்தியாள் வீட்டுப் பால்காய்ப்பு. நாலு பேருக்குப் போக, வர பட்ஜெட் விமானத்தில் டிக்கெட், மொத்தம் 27,420 ரூபாய். மதியம் விமானம். காலை ஆறரை மணிக்கு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு என்று டாக்டர் சொல்லும்போது மணி பதினொன்று. டிக்கெட்டை கேன்சல் செய்யலாம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. மாற்றுத்துணி எடுக்க மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அப்போதுதான் உறைத்தது.

டிக்கெட் போட்டுக் கொடுத்தது எங்கள் தெரு முக்கில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி. மறுநாள் அவரிடம் போய் ரிட்டன் டிக்கெட்டையாவது கேன்சல் பண்ணச் சொன்னேன். பண்ணினார். "அண்ணே, இது நான்-ரீஃபண்டபிள். போனது போனதுதான், ஒண்ணும் வராது" என்றார். நானும் நம்பிவிட்டேன். ஆஸ்பத்திரி செலவுக்கு நடுவில் அதை யார் துருவிக்கொண்டிருப்பது?

மூன்று வாரம் கழித்து, மாமியாருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி, டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். முதலில் அடிப்படைக் கட்டணம். அதற்குக் கீழே விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், தலைக்கு 236 ரூபாய் பாதுகாப்புக் கட்டணம் என்று தனித்தனியாக இருந்தன. ஏறாத விமானத்துக்குப் பாதுகாப்புக் கட்டணம் எதற்கு? தேடிப் பார்த்ததில், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இதற்கென்றே விதி வைத்திருக்கிறது. செக்‌ஷன் 3, சீரீஸ் எம், பகுதி 2. கேன்சல் செய்தாலும் சரி, விமானத்துக்கே போகாமல் விட்டாலும் சரி, அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ஆஃபர் டிக்கெட்டுக்கும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேன்சல் கட்டணமாக எவ்வளவு பிடித்தாலும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் சர்சார்ஜையும் தாண்டக் கூடாது.

நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "ஏஜென்ட் மூலமா போட்டிருக்கீங்க சார், அவர்கிட்டயே கேளுங்க." தம்பியிடம் போனால், "கம்பெனிதாண்ணே தரணும், என்கிட்ட என்ன இருக்கு?" இப்படியே ஒரு வாரம் பந்தாடினார்கள். இன்னொரு முறை போன் செய்தபோது ஒரு பெண், பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல்லில் போட்டுத் தருகிறேன், அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன். அதை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம் என்று அதே விதியில் இருக்கிறது. இடுப்பில் பிளேட் வைத்த மாமியாரை வைத்துக்கொண்டு அடுத்த டிக்கெட் எப்போது போடப்போகிறோம்?

போகாமல் விட்ட டிக்கெட்டின் வரி தானாக வராது, கேட்டால்தான் வரும். அதற்கு அவர்கள் இணையதளத்தில் ஒரு படிவம் ஒளிந்திருந்தது. டிக்கெட்டின் முன்பதிவு எண்ணான பிஎன்ஆரைப் போட்டதும் ஓடிபி அனுப்பியதாகச் சொன்னது. என் போனுக்கு வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தம்பி எல்லா டிக்கெட்டுக்கும் தன் போன் நம்பரையும் மெயிலையும்தான் கொடுப்பாராம். அன்று அவர் ஆதார் திருத்த வந்த கூட்டத்தில் மாட்டியிருந்தார். முக்கால் மணி நேரம் ஸ்டூலில் காத்திருந்துதான் ஓடிபியை வாங்கினேன். டிக்கெட் வேறு யார் போட்டாலும் நம்பர் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். இது முதலிலேயே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ரிட்டன் டிக்கெட்டுக்கு மட்டும் பதிலே இல்லை. ஏஜென்ட் மூலம் போட்டிருந்தாலும் பணம் திரும்புவதற்கு விமான நிறுவனம்தான் பொறுப்பு, 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்தக் கெடு முடிந்ததும், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டேன். பிஎன்ஆர், விமான எண், தேதி, டிக்கெட்டின் பிடிஎஃப், அவ்வளவுதான் வைத்தேன். முதலில் எழுதியதில் மாமியார் வழுக்கியதிலிருந்து ஆபரேஷன் வரை எல்லாம் இருந்தது. "வரியத் திருப்பிக் குடுன்னு கேக்குறதுக்கு எங்கம்மா இடுப்பு எதுக்கு?" என்றாள் மனைவி. சரிதான். நாம் ஏன் போகவில்லை என்பது இந்தப் பணத்துக்குத் தேவையே இல்லை. நாலு வரியாகச் சுருக்கி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ரிட்டன் டிக்கெட்டுக்கான 3,936 ரூபாய், கேன்சல் செய்த மூன்றாம் நாளே, டிக்கெட் போட ஏஜென்ட் பணம் வைத்திருக்கும் கணக்கான வாலட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாம்!

அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன், அவர் கடையிலேயே, இரண்டு ரூபாய் கொடுத்து. தம்பி படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வாலட் லெட்ஜரைத் திறந்தார். வரவும் செலவுமாக நூற்றுக்கணக்கில் பதிவுகள். ரீஃபண்ட் வந்தால் யாருடையது என்று பெயர் காட்டாது, பிஎன்ஆர் மட்டும்தான் இருக்கும். அந்தக் காசிலேயே அடுத்த ஆளுக்கு டிக்கெட் போட்டுவிடுவாராம். ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, கேட்கிறவர்களும் இல்லை. எங்கள் பதிவைக் கண்டுபிடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்கள் போகாமல் விட்ட டிக்கெட்டுக்கான 1,928 ரூபாயும் முந்தின நாள்தான் வந்து விழுந்திருந்தது.

ஆக 5,864. உடனே, டிக்கெட்டுக்கு 200 வீதம் எட்டு டிக்கெட்டுக்கு 1,600 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் என்றார். போடும்போது சொல்லாத சார்ஜ் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பணத்தைத் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன், ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, மதுரையிலேயே போடலாம் என்றும் சொல்லி வைத்தேன். உண்மையில் அவ்வளவு தூரம் போகும் எண்ணம் எனக்கு இல்லை. ஓடிபிக்காக அவரும் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறார். 400 எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மீதியை அங்கேயே ஜிபேயில் அனுப்பினார். ரசீது கேட்டதற்கு, ஜெராக்ஸ் பில்லின் பின்பக்கத்தில் "சர்வீஸ் 400" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் படி இறங்கும்போது, லெட்ஜரை மேலே தள்ளிக்கொண்டே யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணே, போன வருஷம் நீங்க சென்னை டிக்கெட் ஒண்ணு கேன்சல் பண்ணீங்கள்ல..."