மூலநூல் கையில் இல்லாதபோது ஜோட்டேரோவில் மேற்கோள் காட்டிய அனுபவம்

ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுதும்போது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் நூல் வழியாகவே அறிந்த இடங்கள் நிறைய வந்தன. உதாரணத்துக்கு, மறதி பற்றி ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு. அது ஜெர்மன் மொழியில் உள்ளது. என்னிடம் இருந்ததோ அதைச் சுருக்கிச் சொல்லும் ஓர் உளவியல் பாடநூல்.

மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தானாக அமைத்துத் தரும் மென்பொருள் ஜோட்டேரோ. இப்படி இன்னொரு நூல் வழியாக மேற்கோள் காட்ட அதில் தனிப் பொத்தான் கிடையாது. இரண்டு நூலையும் ஒரே மேற்கோளில் போட்டால், நடுவில் அரைப்புள்ளி வைத்து இரண்டையுமே நாம் படித்ததுபோலக் காட்டும். நூற்பட்டியலிலும் இரண்டும் ஏறிவிடும். நான் பின்பற்றிய ஏபிஏ என்ற மேற்கோள் நடையின் 7ஆம் பதிப்பு கேட்பது வேறு. மேற்கோளில் இரண்டு பெயரும் வர வேண்டும், பட்டியலில் நாம் படித்த நூல் மட்டும்தான் இருக்க வேண்டும். எனக்கும் அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

அதனால் பாடநூலை மட்டும் சேர்த்தேன். வேர்டில் மேற்கோள் செருகும்போது அந்த நூலின் பெயரைச் சொடுக்கினால், பக்க எண்ணோடு பிரிஃபிக்ஸ் (மேற்கோளுக்கு முன்னால் வரும் சொற்கள்) என்று ஓர் இடம் வரும். அதில் ‘எபிங்ஹாஸ், 1885, ஆஸ் சைட்டட் இன்’ (இன்ன நூலில் எடுத்தாண்டபடி) என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மீதியை மென்பொருளே பார்த்துக்கொண்டது. அவர் பெயர் வாக்கியத்திலேயே வந்துவிட்டால், பிரிஃபிக்ஸை ஆண்டிலிருந்து தொடங்கினால் போதும்.

வேர்டிலேயே கையால் தட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, மாற்றத்தை அப்படியே வைக்கவா என்று ஜோட்டேரோ கேட்கும். சரி என்றால் அந்த மேற்கோள் அதன்பின் தானாக மாறாது. வேண்டாம் என்றால் தட்டியது போய்விடும். பிரிஃபிக்ஸில் எழுதியது அழியாது. ஆனால் மேற்கோள் நடையை மாற்றினாலும் அந்தச் சொற்கள் அப்படியே நிற்கும் என்பதால், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும்.

அப்புறம், மூலத்தைத் தேடுவதை விட்டுவிடவே கூடாது. எபிங்ஹாஸ் நூலின் 1913ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. அவர் சோதித்தது தன்னை மட்டுமே. அதிலும், எவ்வளவு நினைவிருக்கிறது என்று அளக்கவில்லை. மறந்ததைத் திரும்பக் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்றுதான் அளந்தார். பாடநூலில் இந்த இரண்டுமே இல்லை. படித்த பிறகு என் பத்தியையே மாற்றி எழுதினேன். மொழிபெயர்ப்பை நானே படித்துவிட்டதால் ‘ஆஸ் சைட்டட் இன்’ தேவைப்படவில்லை. அந்த நூலின் பதிவில் எக்ஸ்ட்ரா என்ற கட்டத்தில் ‘ஒரிஜினல் டேட்: 1885’ என்று ஆங்கிலத்தில் சேர்த்ததும், மேற்கோள் 1885/1913 என்று வந்தது.

கடைசிவரை கிடைக்காத சில பழைய மாநாட்டுக் கட்டுரைகளுக்கு மட்டும் பிரிஃபிக்ஸ் முறையே நின்றது. அவற்றின் முழு விவரங்களையும், அவற்றை எடுத்தாண்ட நூலின் பதிவிலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். சிகாகோ என்ற இன்னொரு மேற்கோள் நடையைக் கேட்கும் இதழுக்கு அனுப்ப நேர்ந்தால், மூலத்தின் விவரத்தையும் சேர்த்தே தர வேண்டும்.