ஆயாவோட கரகம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல என் ஷெட்ல இப்போ களிமண்ல ஒரு கரகம் செஞ்சிட்டிருக்கேன், மாரியம்மனுக்கு ஆயா தலையில தூக்கினாங்களே அதே மாதிரி, ஆனா வேப்பிலைக்கு பதிலா கரும்புத் தோகைய ஈரமண்ணுல அழுத்தி சுத்தி அச்சு எடுத்திருக்கேன். 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் வந்ததே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னுதானே. வந்தவங்களுக்கு ஆளுக்கொரு நம்பர் கொடுத்தாங்க, எங்க கொள்ளுத்தாத்தாவோட நம்பர அடியில கீறினப்போ கை நடுங்கிச்சு. (வெளிய தெரியற எடத்துல அத போட எனக்கு மனசு வரல.)

போன தடவ முழுசா காயறதுக்குள்ள சூளையில வச்சிட்டேன், உள்ள இருந்த ஈரம் ஆவியாகி வெடிச்சிருச்சு, அழுதுட்டேன். இப்போ பிளாஸ்டிக் கவர் போட்டு மெதுவா காய வைக்கிறேன். கிளேஸ்னு சொல்ற பளபளப்புப் பூச்சு வேணாம், கழுத்துல மட்டும் மஞ்சக் கயிறு மாதிரி ஒரு கோடு.