கோவளத்திலிருந்து தெற்கே, கால்வாய் வழியாக

என் தாத்தா பக்கிங்காம் கால்வாயில் படகு இழுத்தவர். மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வரும் படகுகள். காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அவருடைய வலது தோள் காய்த்துப்போய் கடைசிவரை அப்படியே இருந்தது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு விடியற்காலை கோவளத்து மீனவ அண்ணன் ஒருவரின் சின்ன ஃபைபர் படகில் தெற்கே கிளம்பினோம். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரம். கொஞ்ச தூரத்திலேயே அண்ணன் மோட்டாரைத் தூக்கிவிட்டார். "கிழிஞ்ச வலை, பிளாஸ்டிக் பை எல்லாம் சுத்திக்கும் தம்பி. இனிமே கோல்தான்."

கோலை ஊன்றி எடுக்கும்போதெல்லாம் கறுப்புச் சேறு வழிந்தது. அதில் ஒருமுறை விரல் நகம் அளவு நண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கித் தண்ணீரில் விட்டார். உப்பளப் பக்கம் உமரிச் செடி சிவந்து கிடந்தது, உள்ளான் குருவிகள் ஓடின. சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்துபோகும் கால்வாய்தான் இதுவும்.

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது இது. வளர்ந்து வளர்ந்து, ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள் வெட்டியது. பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காமுடையது. அந்தத் துண்டில்தான் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதை நினைத்தாலே எனக்கு ஆறவில்லை. 2008இல் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நாங்கள் போன தூரத்தில் எதிரே ஒரு படகுகூட வரவில்லை.

நெம்மேலிக்கு முன்னால் தரை தட்டியது. தாத்தா மாதிரி கரையில் நடந்து இழுத்துப் பார்க்கலாம் என்று கயிற்றோடு இறங்கினேன். இழுவைக்காரர்கள் நடந்த கரை முழுக்கச் சீமைக்கருவேலம். நாலு அடி வைக்க முடியவில்லை, உள்ளங்கையில் முள் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் இருவரும் தொடை ஆழச் சேற்றில் நின்று படகைத் தள்ளித் திருப்பினோம்.

அடுத்தது மரக்காணத்திலிருந்து வடக்கே. மழை முடிந்து, தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார் அண்ணன். அரிவாள் அவர் கொண்டுவருவார்.