சந்நிதி வரை நடந்த பாதங்கள்

முதல் பாதயாத்திரையில் நான்கு நாள் நடந்து மலைக்கோயிலை அடைந்தபோது, தீபாராதனை காட்டிய அந்தச் சில நொடிகளில்கூட என் நினைவு முருகனிடம் நிற்காமல், குதிகாலில் உடைந்திருந்த கொப்புளத்திலேயே நின்றது. வலியும் நேர்த்திக்கடனில் ஒரு பங்கு என்று எண்ணி முதல் நாள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டது என் தவறு. அடுத்த யாத்திரைக்கு வெகு நாள் முன்பே பாதங்களைத் தயார் செய்யத் தொடங்கினேன்.

ஒவ்வோர் அடியிலும் தோலின் மேற்பரப்பு காலுறையைப் பற்றி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த இழுப்பு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் நனைந்த தோலில் உராய்வு கூடும். ஆகவே ஈரத்தைத் தேக்கும் பருத்திக் காலுறையை விடுத்து, மெல்லிய செயற்கை இழைக் காலுறையின் மேல் கம்பளிக் காலுறை அணிந்தேன். உராய்வின் பெரும்பகுதி அவ்விரண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால், விரல்களுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடும் காலணியை வாங்கி, ஆறு வாரம் அதிலேயே நடந்து பழகினேன். சென்ற முறை உரசிய இடங்களில் புறப்படும்போதே, காயக்கட்டுகளை ஒட்டப் பயன்படும் மெல்லிய பேப்பர் டேப் ஒட்டினேன். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாள் நெடுந்தொலைவு ஓடியவர்களுக்கு இந்த எளிய டேப் கொப்புளங்களைக் குறைத்தது.

இரண்டாம் நாள் நண்பகலில் இடக்குதிகாலில் இலேசாகச் சூடு தெரிந்தது. குழுவினர் நாமம் சொல்லி முன்னே செல்ல, உட்கார மனம் வரவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். காலணியைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து உலர விட்டு, டேப்பை மாற்றி, உலர்ந்த காலுறை அணிய அரை மணி நேரம் ஆயிற்று. அந்த முதற்சூட்டை அலட்சியம் செய்யாததே இந்தப் பயணத்தைக் காத்தது என்று உறுதியாகச் சொல்வேன். உடன் வந்த பெரியவர் ஒருவர் நீரிழிவு உள்ளவர். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது என்பதால், இரவுதோறும் விளக்கொளியில் அவருடைய உள்ளங்கால்களைப் பார்த்துச் சொல்லும் பணி எனக்குக் கிடைத்தது. அதையும் வழிபாடாகவே செய்தேன்.

நான்காம் நாள் அடிவாரத்தில் காலணிகளை விட்டு, வெறுங்காலுடன் படியேறினேன். திரை விலகிக் கற்பூரம் ஒளிர்ந்தபோது, வேலவனின் முகத்தைத் திரை மீண்டும் விழும் வரை கண்ணெடுக்காமல் பார்த்து நின்றேன்.