புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்காத வண்டிகள்

"பேட்டரி மாத்தி நாலு நாள்தாண்ணே ஆகுது, மறுபடியும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்று எங்கள் பட்டறைக்கு வரும் போனுக்கு நான் பதிலுக்குக் கேட்பது பேட்டரியைப் பற்றி இருக்காது. சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது என்றுதான் கேட்பேன். சத்தமே இல்லையா, ஒரே ஒரு "டக்" மட்டுமா, "டகடகடக"வென்று அடிக்கிறதா, இல்லை இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் போகிறதா? பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. போனை அப்படியே டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள் என்பேன், கேட்டுவிடும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் அங்கே வேலையே இல்லை, டீசல் வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, சென்சார் என்ன சொல்கிறது என்று வேறு பக்கம் போகவேண்டும். அந்த மாதிரி வண்டிக்கும் புது பேட்டரி வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்தால் வெளி ஆளுக்குப் பேர் தெரிந்த சாமான் அது ஒன்றுதான், கடையில் கேட்டால் உடனே கிடைக்கிற சாமானும் அதுதான்.

புது பேட்டரி போட்டதால் பழுது போகாவிட்டால்கூடப் பரவாயில்லை, பல நேரம் பழுதை அது மறைத்துவிடும். பேட்டரி மாற்றுகிற பையன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுரண்டுவான், கிளாம்பை இறுக்குவான், வண்டி ஒரே திருப்பில் எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் சந்தோஷம், பழைய பேட்டரிதான் காரணம் என்று முடிவாகிவிடும். உண்மையில் அன்றைக்கு வண்டியை எடுக்க வைத்தது அந்தச் சுரண்டல். டைனமோ சார்ஜ் ஏற்றாத வண்டி இன்னும் மோசம். புது பேட்டரி கடையிலிருந்து கொண்டுவந்த சார்ஜை வைத்துச் சில நாள் ஓட்டும், அப்புறம் ஒரு காலையில் படுத்துக்கொள்ளும். இவர் போய் பேட்டரிக் கடைக்காரரிடம் சண்டை போடுவார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? பழைய மாடல் வண்டிகளில் மீட்டர் போர்டில் இருக்கிற சின்ன சார்ஜிங் பல்பு ஃப்யூஸானாலே டைனமோ சார்ஜ் கொடுக்காமல் போகலாம், ஏனென்றால் அந்த பல்பு வழியாகத்தான் அதற்கு முதல் கரன்ட் போகிறது. சாவியை ஆன் செய்ததும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நான் பார்ப்பது இதற்காகத்தான்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகைப்பூ ஏற்றி விடியற்காலம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிற ஒரு பிக்கப். பூ வண்டிக்காரருக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் விலை இறங்குகிற நேரம், அதனால் அவர் யோசிக்காமல் பேட்டரி மாற்றிவிட்டார். மாற்றியும் "டக்" என்று ஒரே சத்தம், அதோடு சரி. பழங்காநத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்குத் தள்ளி ஸ்டார்ட் பண்ணித்தான் கொண்டுவந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் பார்த்துவிட்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்றணும், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். நல்ல பேட்டரிதான். ஆனால் சும்மா நிற்கும்போது எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது என் கட்சி. செல்ஃப் மோட்டார் நூறு இருநூறு ஆம்பியர் இழுக்கிற சாமான், அது இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். டிரைவரை சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி பேட்டரி முனையிலேயே பார்த்தேன், 12-க்குக் கீழே இறங்கவே இல்லை. அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. பேட்டரி நொண்டி என்றால் வோல்ட் பத்துக்குக் கீழே சரிந்திருக்கும், செல்ஃப் உள்ளே ஜாம் ஆகியிருந்தாலும் சரிந்திருக்கும். சரியவில்லை என்றால் கரன்ட் போதுமான அளவு ஓடவில்லை, வழியில் எங்கேயோ அடைப்பு.

அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். இரண்டும் எர்த்துதான், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வருகிற பாதை, நடுவில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி கொடுக்கிற பன்னிரண்டில் பாதி, திரும்பி வருகிற வழியிலேயே தொலைகிறது. பாசிட்டிவ் பக்கம் தடியான கேபிள் இருக்கிறது, அதை எல்லாரும் பார்க்கிறார்கள், ஆட்டிப் பார்க்கிறார்கள், எர்த்தை யாரும் மதிப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஏ.வி. பாலத்தில் கூட்டம் நகராவிட்டால் பின்னால் கோரிப்பாளையம் வரைக்கும் ஒருத்தரும் நகர முடியாது இல்லையா, கரன்ட்டும் அப்படித்தான், திரும்புகிற பாதை அடைத்தால் போகிற பாதையும் நின்றுவிடும்.

கணக்கும் சின்னதுதான். நூற்றைம்பது ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் வெறும் 0.04 ஓம் தடை இருந்தால் ஆறு வோல்ட் போய்விடும். 0.04 ஓம் என்பதை சாதாரண மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது, டெஸ்ட் லேம்ப் அந்த இடத்தில் பளிச்சென்று எரியும். அதனால்தான் முன்பு பார்த்தவர்கள் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் கவ்வவிட்டேன். முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டது. செல்ஃபைக் கழற்றவேண்டியதே இல்லை.

சேஸிலிருந்து இன்ஜினுக்குப் போகிற எர்த் கம்பிப் பின்னலை, அதாவது ஸ்ட்ராப்பைத் தேடிக் கீழே படுத்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் கறுப்பாகப் பளபளத்தது. வண்டி எட்டு வருஷம் தாண்டியது, அதனால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது ஃபிட்னஸ் சான்றிதழுக்கு வண்டியைக் காட்டியாகவேண்டும். எஃப்.சி.க்கு முன்னால் நம் பக்கம் வண்டியை நன்றாகக் கழுவி, சேஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரிதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றி, போல்ட் உட்காருகிற இடத்திலும் சேர்த்து அடித்து, காய்ந்ததும் பெயின்ட்டுக்கு மேலேயே மாட்டி இறுக்கியிருக்கிறார்கள். திருகு மரை வழியாகக் கொஞ்சம் கரன்ட் போய்க்கொண்டிருந்தது, மழைத் தண்ணி பட்டுத் துருப் பிடித்ததும் அதுவும் குறைந்துவிட்டது.

டிரைவர் அப்போதுதான் சொல்கிறார்: "ஆக்சிலேட்டர் கொஞ்ச நாளா டைட்டா இருக்குண்ணே, அதையும் பாத்து விட்ருங்க." கேபிளைப் பார்த்தால் உறை உருகி ஒட்டியிருந்தது. திரும்பிப்போக வழியில்லாத கரன்ட், கிடைத்த இரும்பு அது ஒன்றுதான் என்று அந்தக் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டிருக்கிறது. அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு புகாரையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, இதைத்தான் நான் முதலிலேயே கேட்டிருந்தால் மீட்டரையே எடுத்திருக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து, புது ஸ்ட்ராப் போட்டு, இறுக்கினதுக்கு அப்புறம் மேலே கிரீஸ் தடவினேன். கேபிளும் மாற்றியாச்சு.

இங்கே ஒன்று சொல்லியே ஆகணும். ஸ்க்ரூ டிரைவரை செல்ஃப் மேல் வைத்து ஷார்ட் பண்ணிப் பார்ப்பது, இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவை டெஸ்ட் பண்ணுவது, இந்த இரண்டும் இன்னும் பட்டறைகளில் நடக்கிறது. முதலாவதில் வண்டி கியரில் இருந்தால் ஆள்மேல் ஏறும். இரண்டாவதில் வோல்ட் எகிறி டைனமோ டயோடும், இப்போதைய வண்டி என்றால் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் போய்விடும். நாற்பது ரூபாய் வேலைக்கு நாற்பதாயிரம் செலவு. மீட்டர் என்ன அவ்வளவு விலையா?

கூலி சொன்னதும் பிக்கப் ஓனர் முகம் மாறியது. "ஒரு போல்ட்டுக்கா?" என்றார். பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தவர். பழைய பேட்டரி எங்கே என்று கேட்டேன், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாராம், அது இந்நேரம் ஈயமாக உருகியிருக்கும். அதில் ஒரு குறையும் இருந்திருக்காது என்பதை நான் சொல்லவில்லை, அவரே கணக்குப் போட்டுவிட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, அதே ஷெட்டில் பெயின்ட் அடித்த இன்னொரு பிக்கப் வீட்டில் நிற்கிறது, அதற்கு நாளைக்கு பேட்டரி மாற்றலாம் என்று இருந்தேன் என்றார். பேட்டரி வாங்காமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாள் வந்தது, போல்ட்டுக்குக் கீழே அதே கறுப்பு.