ஊர் தெரியாத போவா

ஜூன் 3
புதிதாக வந்த பாம்பின் மேலுதட்டுச் செதில்களில் குழிகள் இல்லை. வாலடிச் செதில்கள் இரட்டையாகப் பிரியாமல் ஒற்றை வரிசையாகவே போகின்றன. மூக்கிலிருந்து பிடரி வரை நடுத்தலையில் ஒரு கறுத்த கோடு. மலைப்பாம்பு இல்லை, போவாதான்: இரையைச் சுற்றி இறுக்கும் இன்னொரு விஷமில்லாப் பாம்பு. எந்தப் போவா? கொடுத்தவர்களிடம் ஒரு காகிதமும் கிடையாது.

ஜூன் 4
தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள், நகர்கின்றன. மைட், ரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சி. தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் இன்னும் இருக்கிறது. கூண்டில் இனி வெள்ளை டிஷ்யூ பேப்பர் மட்டும். அதில்தான் பூச்சி கண்ணுக்குப் படும். கொக்கி, இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி. மற்ற பாம்புகளைப் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக இந்த அறை. மருந்து முட்டைகளைக் கொல்லாது. அதனால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஜூன் 9
கண் பால்போல் மங்கிவிட்டது, சட்டை உரிக்கப் போகிறது. தொடக்கூடாது. ஈரப்பதம் 60லிருந்து 70 சதவீதத்துக்குள்.

ஜூன் 13
கண் தெளிந்துவிட்டது. சட்டை இன்னும் கழலவில்லை.

ஜூன் 17
முழுச் சட்டை! கண்ணை மூடும் இரண்டு செதில்களும் அதிலேயே இருக்கின்றன, கண்ணில் ஒட்டிக்கொள்ளவில்லை.

சட்டை இழுபட்டு நீளும், ஆகவே அதை வைத்துப் பாம்பின் நீளம் சொல்ல முடியாது. செதில் எண்ணிக்கை மாறாது. பாம்பை அழுத்திப் பிடித்து எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வயிற்றுப்புறம் மேலே தெரியக் கண்ணாடியில் விரித்து, பத்து வயிற்றுத் தகட்டுக்கு ஒரு மார்க்கர் புள்ளி. தொண்டையில், இரு பக்கமும் முதுகுச் செதிலின் கடைசி வரிசையைத் தொடும் முதல் தகடுதான் 1. கழிவுத்துளையை மூடும் தகட்டைச் சேர்க்கக் கூடாது.

வயிற்றுத் தகடுகள் 238. இதை வைத்து எதுவும் தீராது, கன்ஸ்ட்ரிக்டர், இம்பரேட்டர் என்ற இரண்டு போவா இனங்களுக்கும் இந்த எண் பொருந்தும். நடுவுடலில் முதுகு வரிசைகள் 71. தென்னமெரிக்க கன்ஸ்ட்ரிக்டருக்கு பொதுவாக 80க்கு மேல் வரும். கழுத்திலிருந்து கழிவுத்துளை வரை முதுகில் சேணம் போன்ற திட்டுகள் 24. கன்ஸ்ட்ரிக்டரில் இத்தனை வருவது அரிது. இம்பரேட்டர் பக்கம்தான் சாய்கிறது. வால் சிவப்பாக இருக்கிறதே என்றால், இம்பரேட்டரிலும் சிவப்பு வால் உண்டு.

ஜூன் 18
இதன் ஊரைக் கேட்பவர்கள் எல்லோரும் "கொலம்பியாவா?" என்கிறார்கள். வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாகக் கலந்த இனம் இது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பார்த்தாலும் தாய்வழி மட்டுமே தெரியும். தாளில் "இம்பரேட்டராக இருக்கலாம், ஊர் தெரியவில்லை" என்றுதான் போகும். அர்ஜென்டினாவின் ஆக்சிடென்டலிஸ் என்ற துணையினம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, கன்ஸ்ட்ரிக்டரின் மற்ற வகைகளும் இம்பரேட்டரும் இரண்டாவதில். ஊகத்தில் எழுதும் ஒரு பெயர் வளர்ப்பவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

ஜூன் 23
உறைநீக்கிய எலி, உடலின் தடிமனைவிடச் சற்றுச் சிறியது. உடனே சுற்றி விழுங்கியது.

ஜூன் 26
கக்கிவிட்டது.

சூட்டுப் பக்கம் 32 டிகிரி, குளிர்ப் பக்கம் 26. இரை சிறியது. யாரும் தொடவில்லை. வழக்கமான காரணம் ஒன்றும் இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. போவாக்களையும் மலைப்பாம்புகளையும் கொல்லும் தொற்றான இன்க்ளூஷன் பாடி நோயும் இப்படித்தான் தொடங்கலாம். அரினா வகை வைரஸ்தான் அதற்குக் காரணம் என்று 2012இல் தெரிய வந்தது. மைட் பரப்பும் என்ற சந்தேகம் பழையது. அந்த மைட் இதன் மேல் இருந்தது. போவா வெளியே ஒன்றும் காட்டாமலே நெடுநாள் சுமக்கும்.

நரம்பு பாதிப்பு உண்டா என்று மல்லாத்திப் பார்த்தபோது உடனே திரும்பிக்கொண்டது. தலை அண்ணாந்து நிற்கவில்லை. நாக்கு நன்றாக நீட்டுகிறது. ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. 14 நாள் இரை கிடையாது, தண்ணீர் மட்டும். அதன் பிறகு பாதி அளவு எலி. கக்கிய உடனே மறுபடி ஊட்டினால் திரும்பவும் கக்கும். உணவுக்குழாய் அமிலத்தில் வெந்திருக்கும்.

ஜூலை 2
முடிவு வரவில்லை.

ஜூலை 4
காட்டில் விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 1971இல் விடப்பட்ட போவாக்கள் பெருகின. கரீபியன் தீவான அரூபாவில் 1999இல் முதலில் கண்டார்கள், இன்றுவரை அங்கே ஒழிக்க முடியவில்லை. விடவே கூடாது, எந்தக் காட்டிலும்.

ஜூலை 11
சிறிய எலி. காத்திருக்கிறேன்.

ஜூலை 15
கக்கவில்லை! முதல் பரிசோதனையில் வைரஸ் இல்லை. ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது, மூன்று மாதம் கழித்து இன்னொன்று.

ஜூலை 18
இதை வளர்க்க வாங்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலங்கு மருத்துவர் உண்டா என்று. கூண்டு 180 செ.மீ. நீளம், 60 அகலமாவது, பூட்டு, தெர்மோஸ்டாட். இரண்டு மீட்டர் தாண்டினால் கையாள இன்னொரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். 25 ஆண்டு வாழக்கூடிய உயிர். இனப்பெருக்கம் வேண்டாம், கலப்பு இன்னும் குழம்பும்.

ஜூலை 19
மறுபடி "கொலம்பியாவா?"

ஜூலை 25
இரண்டாவது எலியும் தங்கிவிட்டது. அக்டோபர் ரத்தப் பரிசோதனைக்கு முன் கூண்டை விட்டு நகராது. பயணத்துக்கு: ஒரு வாரம் பட்டினி, தையல் வெளிப்புறமாகத் திருப்பிய துணிப்பை, காற்றுத் துளையுள்ள பூட்டுப் பெட்டி, உள்ளே 25லிருந்து 28 டிகிரி. பையின் வாயில் இரட்டை முடிச்சு.