ஒரு பீர்க்கங்காய், நாலு கத்தரிக்காய், ஏழு பேருக்குச் சாப்பாடு

மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செடியோடு நிறுத்திவிடுகிறார்கள். மண்கலவை, பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாம் விவரமாக இருக்கும், பறித்த காயை வைத்து வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் எப்படிச் சமைப்பது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. தொட்டிச்செடி கிலோக்கணக்கில் காய்க்காது. சித்திரையில் காலை நேரம் மாடிக்கு ஏறினால் ஒரு பீர்க்கங்காய், நாலு கத்தரிக்காய், ஒரு கை கொத்தவரங்காய், இரண்டு மூன்று வெண்டைக்காய் கிடைக்கும், கீழே நாங்கள் ஏழு பேர். எதை எடுத்தாலும் தனியாக ஒரு பொரியலுக்குக் காணாது. இதனாலேயே பலர் வீட்டுக் காயை நம்பிச் சமைக்க முடியாது என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் பக்கத்துச் சமையலில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கதம்பக் குழம்பு. மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருந்த எங்கள் அப்பத்தா "இன்னைக்கு என்ன கொழம்பு" என்று உட்கார்ந்து யோசித்து நான் பார்த்ததே கிடையாது. காலையில் கொல்லைக்குப் போவார், கத்தரிக்காய், கீரைத்தண்டு, காற்றுக்கு விழுந்த மாங்காய் என்று முந்தானையில் சேர்ந்ததோடு வருவார், அதற்கப்புறம்தான் குழம்பு முடிவாகும். முதலில் காய், பிறகு சமையல். நாம் இன்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். ராத்திரியே நாளைக்கு இது என்று தீர்மானித்துவிட்டு, அதற்குத் தோதான காயைத் தேடிக் கடைக்குப் போகிறோம், மாடியில் இருக்கிற நாலு கத்தரிக்காய் முற்றிப் போகிறது.

கோடைக்கென்றே ஒரு காய்ச் சேர்க்கை உண்டு, மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கீரைத்தண்டு, மாங்காய், பலாக்கொட்டை, முருங்கைக்காய், கத்தரிக்காய். இந்த ஐந்தும் ஒன்றாகக் கிடைப்பது பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரைதான். இதில் கத்தரிக்காயும் தண்டும் எங்கள் மாடியில் வருகின்றன, முருங்கை பக்கத்து வீட்டு மரம், எங்கள் பக்கம் சாய்ந்த கிளையை அவர்களே பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பலாக்கொட்டையைக் காசு கொடுத்து வாங்கியதில்லை, பிள்ளைகள் பழம் தின்று போடுகிற கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஆற்றுமணலில் புதைத்து வைப்போம், அது பல வாரம் கெடாமல் இருக்கும்.

இந்தக் குழம்பில் காய்களைப் போடுகிற வரிசை மட்டும் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் சாதாரண சாம்பார்தான். பலாக்கொட்டையை முதலில் தனியாக வேகவைத்து வெள்ளைத் தோலை உரித்துவிட வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. ஒரு டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு மலர வேகவைத்து எடுத்து வையுங்கள். தண்டை நார் உரித்து, முருங்கைக்காயோடு சேர்த்து உப்பு போட்ட தண்ணீரில் முதலில் வேகவிடுங்கள். அது முக்கால் பதம் வந்ததும் கத்தரிக்காயும் பலாக்கொட்டையும். மாங்காய் கடைசியில்தான். புளிப்பு இறங்கிய தண்ணீரில் மற்ற காய்கள் சீக்கிரம் மசியாது, தண்டு நறுக்நறுக்கென்றே நின்றுவிடும், ஆனால் மாங்காயோ ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிடும். அதனால் எல்லாம் வெந்த பிறகு மாங்காயைத் தோலோடு பெரிய துண்டாகப் போட்டு, தோல் நிறம் மாறியதும் பருப்பையும் அரைத்த மசாலாவையும் சேர்த்து ஒரு கொதி. மசாலாவுக்கு மல்லி, மிளகாய் வற்றல், சீரகம் வறுத்து இரண்டு கீற்றுத் தேங்காயோடு அரைப்போம். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், அரைக்கிலோகூட வராத நாலைந்து வகைக் காயில் ஏழு பேர் இரண்டு வேளை சாப்பிடலாம். கருவாடு சேர்க்கிற வீடுகளில் பருப்பை விட்டுவிட்டு இதே காய்களில் புளி கரைத்து நெத்திலிக் கருவாடு போடுவார்கள், அதுவும் பிரமாதமாக இருக்கும்.

இந்தக் குழம்பில் தக்காளி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். கத்திரி வெயிலில் ராத்திரியும் சூடு இறங்காத நாட்களில் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூவெல்லாம் காயாகாமல் உதிர்ந்துவிடும். மாடியில் உள்ள செடிக்கும் இதே கதி, ஊரில் உள்ள வயலுக்கும் பெரும்பாலும் இதே கதி, அதனால்தான் அந்த நேரத்தில் சந்தையில் தக்காளி விலை அடிக்கடி ஏறும். ஆனால் அதே மாதங்களில் மாங்காய் மலிந்து கிடக்கிறது, மாசி பங்குனியில் உலுக்கிய புதுப்புளியும் வீட்டில் இருக்கிறது. புளிப்புக்கு என்ன குறை? ரசத்துக்குக்கூட ஒரு துண்டு மாங்காயை வேகவைத்துக் கரைத்து ஊற்றுங்கள், பிள்ளைகள் இரண்டாவது தடவை கேட்பார்கள்.

சரி, பீர்க்கங்காய்க்கு வருகிறேன். ஒரே ஒரு பீர்க்கங்காய் இருந்தால் அதை இரண்டு பதார்த்தமாக்கலாம். சதையைப் பொடியாக நறுக்கி, அரை டம்ளர் பாசிப்பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது போட்டால் கூட்டு, அது விடுகிற தண்ணீரே போதும். தோலை எறியாதீர்கள். நரம்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு, தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், துளி புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரவென்று அரைத்தால் துவையல். கடையில் வாங்கும் காயில் தோலைச் சாப்பிட மருந்தை நினைத்து யோசனையாக இருக்கும், வீட்டுக் காயில் அந்தக் கவலையே இல்லை. எனக்கு மாடித்தோட்டத்தின் பெரிய லாபம் இந்தத் தோல்தான்.

காய் பிடிப்பது பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, பூ கொட்டுகிறது, காய் மட்டும் இல்லை என்று என் மதினி உட்படப் பல பேர் கேட்டாயிற்று. வெயில் கூடினால் கொடியில் ஆண்பூ அதிகமாகவும் பெண்பூ குறைவாகவும் வரும், தழைச்சத்து அதிகம் கொடுத்தாலும் அப்படித்தான். பெண்பூவின் அடியில் விரல்நுனி அளவுக்குப் பிஞ்சு ஒன்று இருக்கும், பார்த்தாலே தெரியும். பூசணிப்பூ காலையில் விரியும், ஆனால் பீர்க்கு, சுரை, புடல் மூன்றும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் விரிகின்றன. புடலம்பூவை அந்த நேரத்தில் கிட்டத்தில் பாருங்கள், வெள்ளை இதழின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து சுருண்டிருக்கும், அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கலாம். நகரத்து மாடிக்கு அந்த நேரத்தில் வண்டோ அந்துப்பூச்சியோ தேடி வருவது குறைவு. நாம்தான் ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூள் பெண்பூவின் நடுவில் படும்படி மெல்லத் தடவ வேண்டும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தலைக்கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகளில் பெண்பூ கூடுதலாக வரும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுரைக்காயோ பீர்க்கங்காயோ வெள்ளரியோ, நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள், பாசம் பார்க்காதீர்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் குகுர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு, தண்ணீர் காணாமல் வெயிலில் வாடிய கொடியில் அது கூடிவிடலாம், வேகவைத்தாலும் போகாது, சாப்பிட்டால் வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காம்புப் பக்கம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் அரிவாள்மனையில் உட்கார்வார்கள்.

மாடியில் இல்லாததற்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் திறந்தது எங்கள் அண்ணாநகரில்தான் என்பதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே கொண்டுவந்து விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், மொத்த விலைக்கும் வெளிக்கடை விலைக்கும் நடுவில் இருக்கும். நான் பட்டியல் எழுதிக்கொண்டு போவதில்லை. மாடியில் பறித்ததை மனதில் வைத்துக்கொண்டு போய், அதோடு எது சேரும் என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவேன். வழக்கமாகத் தண்டு வாங்கும் அக்காவிடம் "கால் கிலோ மட்டும் போதுங்க்கா" என்றால், "மாங்கா போட்டு வைக்கப் போறியா தாயி, இந்தா இளசாப் பாத்துத் தாரேன்" என்று கட்டுக்குள் கைவிட்டு எடுத்துத் தருவார். எந்த ஊர், எப்போது பறித்தது, கிணற்றுப் பாசனமா என்று கேட்டால் பதில் வருகிற இடம் அது. நேரத்தோடு போய்விடுவது நல்லது, வெயில் ஏறினால் கீரை துவண்டுவிடும்.

மாங்காய்க்கு மட்டும் நத்தம் சாலை. அழகர்கோவில், நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வந்து ரோட்டோரம் குவித்து விற்பார்கள். குழம்புக்குக் கல்லாமை ரகம், ஊறுகாய்க்கு நாட்டுக்காய், அப்படியே உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்னக் கிளிமூக்கு.

சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் வீட்டில் ஏழு பேர் என்பது இருபது பேராகிவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேலூரிலிருந்து சித்தப்பா, அத்தை குடும்பமெல்லாம் முந்தின நாளே வந்துவிடுவார்கள், அழகரை மதுரைக்குள் வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்துவிட்டு ராத்திரி வந்து மொட்டைமாடியில் தொட்டிகளுக்கு நடுவிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். அன்றைக்கும் கதம்பக் குழம்புதான். அளவைக் கூட்ட வெள்ளைப்பூசணி ஒன்று போதும், பாதியைக் குழம்பில் போட்டு மீதியை மோர்க்குழம்பாக்கிவிடுவோம். வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை, சித்தப்பா வயலோரப் பனையிலிருந்து நுங்குக் குலை, அத்தை ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு. ஆற்றிலிருந்து திரும்பினால் வெயிலுக்கு யாருக்கும் சுடுசோறு இறங்காது, தயிர்சோறும் வெள்ளரிப் பச்சடியும்தான் முதலில் காலியாகும். இருபது பேர் சாப்பிட்ட அந்தக் குழம்பில் நம் மாடிக் கத்தரிக்காயும் எங்கேயோ இருக்கிறது என்பதே எனக்குப் போதும். அம்மா மட்டும் பந்தியில் ஒவ்வொருவரிடமும் "கத்தரிக்கா நம்ம மாடியில காச்சது" என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவார்.

மே மாதம் முழுக்க மொட்டைமாடி சட்டி மாதிரிக் கொதிக்கும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்பது, தேங்காய்நார் மூடாக்கு, நிழல்வலை, காலையும் மாலையும் தண்ணீர் என்று செடியைக் காப்பாற்றுகிறோம். ஆனால் அந்த வெயிலும் ஒரு வரவுதான், மோர் மிளகாய்க்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. குட்டையான தடித்த பச்சைமிளகாய் அரைக்கிலோ வாங்கி, வீட்டுச் செடி மிளகாயும் இருந்தால் சேர்த்து, காம்பை விட்டுவிட்டு நுனிப் பக்கம் மட்டும் கீறிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் புளித்த தயிரில் கைநிறைய கல்லுப்புப் போட்டுக் கடைந்து மிளகாயை இரண்டு ராத்திரி ஊறவிடுங்கள். மூன்றாம் நாள் மிளகாயை மட்டும் எடுத்து வெள்ளை வேட்டியில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும், மோர்ப் பாத்திரத்தையும் பகலில் வெயிலில் வைக்கலாம். மோர் முழுக்க மிளகாயில் ஏறும்வரை இப்படியே செய்து, அப்புறம் கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிட்டுக் கண்ணாடி ஜாடியில் அடைத்துவிடுங்கள். வறுக்கும்போது எண்ணெயை மிதமாகக் காயவிட்டால் போதும், புகைய விட்டால் உள்ளே பொரிவதற்குள் தோல் கருகிவிடும்.